ஆற்றங்கரைக் கடையின் உலர்ந்த மூங்கில்: ஒரு மழைக்காலம் கடந்த பின் எழுதும் மதிப்புரை

ரங்கூனில் மூங்கிலுக்குப் பஞ்சம் இல்லை. கட்டடச் சாரத்துக்கும் கோயில் பந்தலுக்கும் வேலிக்கும் வேண்டிய மூங்கிலை எந்தப் பேட்டையிலும் வாங்கிவிடலாம். கைவேலைக்கென்று நன்றாக உலர்த்தி, கணு சீவி, அளவு பார்த்து வெட்டிய மூங்கில் வேண்டும் என்று புறப்பட்டால்தான் அலைச்சல் தொடங்குகிறது. அப்படி அலைந்து, கெம்மண்டைன் பக்கத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு கடையைக் கண்டுபிடித்தேன். பெயர்ப்பலகை கிடையாது, ஒரு பர்மிய அம்மையாரும் அவருடைய மகனும் நடத்துகிறார்கள். கடந்த ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து இந்த ஆண்டு பிப்ரவரி வரை நான்கு முறை அங்கே வாங்கியிருக்கிறேன். ஒரு கோடை, ஒரு முழு மழைக்காலம், ஒரு குளிர்காலம் ஆகிய மூன்றையும் அந்த மூங்கில் என் வீட்டில் கடந்துவிட்டதால், இனி அதைப் பற்றி எழுதுவது நியாயம் என்று தோன்றுகிறது. வாங்கிய மறுநாளே எழுதப்படும் மூங்கில் மதிப்புரைக்கு என் கருத்தில் அரைக்காசு மதிப்புக் கிடையாது. ஆகஸ்ட் மாதத்தைப் பார்க்காத மூங்கிலைப் பற்றி எவரும் நல்லதாகவே எழுதிவிடலாம்.

நான் தொழில்முறைக் கைவினைஞன் அல்லன். பகலில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்பின் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித் தருகிறேன். புரட்டாசியில் கொலுவுக்குச் சிறு தேர், அதை அடுத்து வரும் தடிஞ்சுட் என்னும் பர்மிய விளக்கு விழாவுக்குத் தெருவில் தொங்கவிடும் விளக்குக் கூடு, பங்குனி நெருங்கினால் காவடிக்கு வளைவு, இடைப்பட்ட நாள்களில் பேனாக் குவளை என்று ஆண்டு முழுதும் மூங்கில் தேவைப்படுகிறது. இவற்றில் பெரும்பாலான வேலை மழைக்காலத்தில்தான் வந்து விழும் என்பதைக் கவனிக்க வேண்டும். தடிஞ்சுட் அக்டோபரில் வருகிறது. அதற்கான கூடுகளை ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், அதாவது ஊரில் காற்றே ஈரத்துணியாக இருக்கும் காலத்தில், கட்டியாக வேண்டும்.

கடையில் நான்கு வகைச் சரக்கு உண்டு. முழுக் குழாய்கள், அவற்றை நீளவாக்கில் பிளந்த பிளாச்சுகள், பின்னவும் கட்டவும் உதவும் மெல்லிய பட்டைகள், இவற்றைப் பர்மியர் ஹ்னீ என்பார்கள், இம்மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கண்ணாடித்தாளில் இறுகச் சுற்றி வைத்த ‘கைவேலைக் கட்டு’. முதல் மூன்றையும் மனமாரப் பாராட்டலாம். நான்காவதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய உண்டு, அதில் நல்லது குறைவு.

பாராட்டை முதலில் முடித்துவிடுகிறேன். எந்தப் பிளாச்சு எந்த மூங்கிலிலிருந்து வந்தது என்று கேட்டால், தயங்காமல் பெயர் சொல்கிறார்கள். பெரிய நகரக் கடைகளில் எல்லாவற்றுக்கும் ‘வா’, அதாவது மூங்கில், என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். இங்கே தின்வா தனியாக, ச்சதவுங்வா தனியாக, ஹ்மியின்வா தனியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தின்வா என்பது சுவர் மெலிந்து கணுவிடை நீண்ட மூங்கில். பர்மாவில் வளர்ந்த எவரும் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடுவார்கள், ஏனெனில் ஒட்டரிசியை உள்ளே இட்டுச் சுட்டு விற்கும் குழாய் அதுதான். பட்டை உரிக்க அதைப்போல் இணக்கமானது வேறு இல்லை. ஹ்மியின்வா கிட்டத்தட்டக் கெட்டியாக, உள்ளே துளையே இல்லாததுபோல இருக்கும். தமிழ்நாட்டு மலைகளில் கல்மூங்கில் என்று சொல்லப்படுவதும் இதே இனம்தான். காவடித் தண்டுக்கு நான் இதைத்தான் எடுக்கிறேன். குவளை செய்யப் பருத்த வாபோ குழாய்களும் சொல்லி வைத்தால் கிடைக்கின்றன.

எப்போது வெட்டியது என்ற கேள்விக்கும் பதில் உண்டு. மழை ஓய்ந்து, நாடோ, பியாதோ மாதங்களில், அதாவது டிசம்பர், ஜனவரி வாக்கில், மூன்று நான்கு ஆண்டு முற்றிய கழிகளை மட்டும் வெட்டுவிக்கிறார்களாம். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்றும் அம்மையார் சேர்த்துக்கொண்டார். நம் வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்வார்கள். நிலவின் பங்கு எவ்வளவோ, பருவத்தின் பங்கு உறுதியானது. இளங்குருத்து வளரும் மழைக்காலத்தில் வெட்டிய மூங்கிலில் நீர் மிகுதி. மூங்கிலிலுள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் உளுவண்டு வருகிறது. வெட்டிய கழிகளை ஆற்று நீரில் சில வாரம் அமிழ்த்தி வைத்து அந்தச் சத்தைக் கரையவிட்டு, பிறகு நிழலில் நிமிர்த்தி நிறுத்தி உலர்த்துகிறார்கள். ஊறிய மூங்கிலுக்கே உரிய சேற்று நாற்றம் முதல் சில நாள் வீட்டில் இருக்கும். அதைக் குறையாக எண்ணத் தேவையில்லை, ஊறப்போட்டதற்கு அதுவே சான்று. ஓராண்டில் இக்கடைச் சரக்கில் உளுமாவு உதிர்ந்ததை ஒரே ஒரு குழாயில்தான் கண்டேன்.

இனி ஈரத்துக்கு வருகிறேன். ‘உலர்ந்த மூங்கில்’ என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. செங்கல்லைச் சுட்டால் சுட்டதுதான். மூங்கிலை உலர்த்தினால் அது உலர்ந்தது என்று முடிந்துவிடுவதில்லை. பொரித்த அப்பளத்தை மழைநாளில் திறந்து வைத்தால் நமுத்துப்போவதுபோல, மூங்கிலும் சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு ஈரம் உள்ளதோ அதற்கு ஏற்ற அளவு நீரைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. காற்று வறண்டால் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் மரமும் மூங்கிலும் தம் உலர் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு நீரோடு அமைதியடையும். 65 விழுக்காடாக இருந்தால் ஏறத்தாழ 12. 80ஐத் தாண்டினால் 16க்கு மேல். ஆகவே எந்தக் கடைக்காரராலும் நமக்கு உலர்ந்த மூங்கிலை விற்க முடியாது. அன்றைய நாளில் உலர்ந்திருக்கும் மூங்கிலைத்தான் விற்க முடியும். நான் இந்தக் கடையை மதிப்பிட்டது இந்த அளவுகோலைக் கொண்டுதான்: உலர்த்தியதை எப்படிக் காத்து வைக்கிறார்கள், நம் கைக்கு எந்த நிலையில் தருகிறார்கள்.

கணக்கு எழுதுகிறவனின் புத்தி எடை போடாமல் விடாது. பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்றும், ஈரமானி ஒன்றும் வாங்கினேன். ஈரமானியை அப்படியே நம்பக் கூடாது என்பதால், ஒரு சிறு மூடியில் சமையல் உப்பைச் சேறுபோல நனைத்து, அதோடு ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வைத்தேன். அப்படி மூடிய காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காடாக நிற்கும். என் கருவி 79 காட்டியது. அன்றுமுதல் அது காட்டுவதில் 4ஐக் கழித்துக்கொள்கிறேன். மார்ச்சில் வாங்கிய தின்வாப் பிளாச்சு ஒன்றிலிருந்து 20 கிராம் துண்டை வெட்டி, அடுப்பறை மின்சூளையில் 100 டிகிரிக்குச் சற்று மேல் வைத்து, எடை மேலும் குறையாத வரை உலர்த்தினேன். மின்சாரம் போய்ப் போய் வந்ததில் அரைநாள் வேலை இரண்டு நாள் ஆயிற்று என்பது வேறு கதை. முடிவில் 18 கிராம் நின்றது. போன 2 கிராமை நின்ற 18ஆல் வகுத்தால் 11 விழுக்காடு. கைவேலைக்கு இதைவிட நல்ல நிலை ரங்கூனில் கிடைப்பது அரிது.

அதே பிளாச்சின் மீதியை அலமாரியில் திறந்தபடி வைத்து மாதந்தோறும் நிறுத்தேன். மார்ச்சில் 44.4 கிராம். மே நடுவில் மழை பிடித்தது, ஜூன் முடிவில் 46ஐத் தாண்டியது, ஆகஸ்டில் 47.6. அதாவது ஈரம் 11இலிருந்து 19 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது, அதன்மேல் ஒரு துளி மழை படாமலே. மழை நின்று குளிர்காலம் முடியும் தறுவாயில், பிப்ரவரியில் மறுபடி 44.8. அகலத்தையும் அளந்தேன்: 20 மில்லிமீட்டராக இருந்தது ஆகஸ்டில் 20.4 ஆயிற்று. இரண்டடி நீளத்திலோ என் அளவுகோலுக்குத் தெரியும்படி எந்த மாற்றமும் இல்லை. மூங்கிலின் நார்கள் அனைத்தும் நீளவாக்கில் ஓடுவதால், அது குறுக்கில்தான் பருக்கும், குறுக்கில்தான் சுருங்கும். நீளம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மூங்கில் வேலையில் நேரும் தொல்லைகளில் பாதி முன்கூட்டியே விளங்கிவிடும்.

விளங்காமல் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் இக்கடையின் வாபோ குழாய் ஒன்றை வாங்கி, ஓர் எவர்சில்வர் தம்ளருக்கு மேலுறையாகக் கடைந்து, விரலால் அழுத்தினால்தான் இறங்கும் அளவுக்குக் கச்சிதமாகப் பொருத்தி, மாண்டலேயில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பினேன். கச்சிதத்தைப் பற்றி எனக்குப் பெருமையும் இருந்தது. மார்ச்சில் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது.

“அண்ணா, நடுராத்திரியில் பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். பூனை என்று நினைத்து எழுந்து பார்த்தால் உங்கள் தம்ளர்.”

மேலிருந்து கீழ்வரை ஒரே பிளவு. குழாயின் தவறு அதில் இம்மியும் இல்லை. ரங்கூனில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மாண்டலே நாட்டின் நடுவிலுள்ள வறள் மண்டலத்தில் இருக்கிறது, அங்கே 1,000 மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஈரக் காற்றில் பருத்திருந்த மூங்கில் வளையம் அங்கே போய் நீரை இழந்து சுருங்கப் பார்த்தது. உள்ளிருந்த எவர்சில்வர் விட்டுக்கொடுக்கவில்லை. நார்களுக்கு இடையில் குறுக்குப் பிடிப்பு மிகக் குறைவு என்பதால் மூங்கில்தான் பிளக்க வேண்டியிருந்தது. மரத்திலாவது மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் கதிர்த் திசுக்கள் உண்டு, மூங்கிலில் அவையும் இல்லை. இப்போது உறைகளை பிப்ரவரி, மார்ச்சில்தான் பொருத்துகிறேன்; அப்போதும் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விடுகிறேன். பின்புறம் கண்ணில் படாத இடத்தில் நீளவாக்கில் ஒரு வாள்வெட்டு கொடுத்துவிட்டால் குழாய் சுருங்கும்போது அந்த வெட்டு அகன்று கொடுத்துவிடுகிறது. முழுக் குழாயாக வைத்திருப்பவர்கள் உள்ளேயிருக்கும் கணுத்தடுப்புகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுவதும் நல்லது. உள்காற்றும் வெளிக்காற்றும் ஒன்றானால் சுவர் இருபுறமும் ஒரேபோல் உலரும்.

பிளாச்சுகளின் இயல்பு வேறு. மூங்கிலின் வெளித்தோல் மெழுகும் மணற்சத்தும் கொண்டது, நீரை எளிதில் உள்ளே விடாது. உள்புறம் மென்மையானது, விரைவில் குடிக்கும், விரைவில் கக்கும். ஒரே பிளாச்சின் இரண்டு முகங்களும் இருவேறு வேகத்தில் இயங்குவதால் அது முறுக்கிக்கொள்கிறது. வளைந்த மூங்கில் அரசர் முடிமேல் என்பது பழமொழி. என் அலமாரியில் யாரும் கேட்காமலே வளைந்தவற்றுக்கு எந்த முடியும் கிடைக்கவில்லை. கடையில் வாங்கிய மார்ச் மாதப் பிளாச்சு 30இல், மழைக்காலம் முடிவதற்குள் 7 கோணிவிட்டன. அவற்றை மெழுகுவத்தி நெருப்பில் மெல்லக் காட்டி நிமிர்த்த முடிந்தது. சூட்டில் நார்களைப் பிணைக்கும் பொருள் இளகும், ஆறும்வரை நேராகப் பிடித்திருந்தால் அப்படியே நிற்கும். 30இல் 7 என்பது நல்ல கணக்கு. முன்பு வேறொரு கடையில் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் விறகாயின.

ஹ்னீ பட்டைகளைக் குறை சொல்லவே இடமில்லை. அவை கொண்டு விளக்குக் கூட்டின் மூட்டுகளைக் கட்டும்போது, முதலில் அரைமணி நேரம் நீரில் ஊறவைத்துப் பிறகு கட்டச் சொல்லி அம்மையாரின் மகன் செய்து காட்டினார். ஊறிய பட்டை உலர்ந்தால் இறுகிக்கொள்ளும். நான் அதுவரை பருத்தி நூலால் கட்டிவந்தேன். பருத்தி நூலோ ஈரத்தில் முறுக்கேறி விறைக்கும், உலர்ந்தால் தளரும். மூங்கிலும் உலரும்போது மெலியும். இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்வதால் மழைக்காலத்தில் கல்போல நின்ற கூடு டிசம்பரில் கொடகொடவென்று ஆடும். முந்தைய ஆண்டு தெருவில் தொங்கவிட்ட 12 கூடுகளில் 5 பொங்கலுக்கு முன்பே கோணிப்போனதற்குக் காரணம் இதுதான் என்று பிறகுதான் புரிந்தது; அதுவரை தெருப்பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தக் கைவேலைக் கட்டு. பார்வைக்கு அழகு: 10 பிளாச்சு, ஒரு கற்றைப் பட்டை, 2 சிறு குழாய், எல்லாம் ஒரே நீளம், மேலே பளபளக்கும் உறை. பரிசாகக் கொடுக்கலாம்போலத் தோன்றும். உதிரியாக வாங்குவதைவிட விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகஸ்டில் வகுப்புப் பிள்ளைகளுக்காக 4 கட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தபோது இரண்டில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. உதிரிப் பிளாச்சு ஒன்றையும் கட்டிலிருந்து ஒன்றையும் சூளையில் வைத்து ஒப்பிட்டேன். உதிரியில் ஈரம் 20 விழுக்காடு. அந்தப் பருவத்தில் ஆற்றங்கரையில் அதற்குக் கீழே எதிர்பார்க்க முடியாது. உறையில் இருந்ததில் 26. காரணம் எளிது. உறைக்குள் போகும்போதே மூங்கில் சற்று ஈரமாக இருந்திருக்கிறது. பகல் வெப்பத்தில் அந்த ஈரம் வெளிவந்து, போக வழியில்லாமல் இரவில் உறையின் உட்புறத்தில் முத்துமுத்தாகப் படிந்து, மறுபடி மூங்கில் மேலேயே இறங்கியிருக்கிறது. பூஞ்சணத்துக்கு இதைவிட வசதியான வீடு யாரும் கட்டித் தர முடியாது. காற்றில் ஈரம் 75, 80 விழுக்காட்டைத் தாண்டினாலே அது முளைக்கும். இறுகிய உறைக்குள் 100ஐ நெருங்கிவிடுகிறது. வெளிக்காற்றைத் தடுக்கும் உறை உள்ளீரத்தையும் தடுத்து வைக்கும் என்பதை, மூங்கிலை இவ்வளவு அறிந்த ஒரு குடும்பம் யோசிக்காமல் விட்டது வியப்பாகத்தான் இருக்கிறது. வாங்குகிறவர்கள் பளபளப்பைக் கேட்கிறார்கள் என்றார் மகன். அதிலும் உண்மை இருக்கலாம்.

பூத்த கட்டுகளைத் திருப்பிக் கொண்டுபோனபோது முகம் சுளிக்காமல் உதிரிப் பிளாச்சுகளாக மாற்றித் தந்தார்கள். இதைப் பதிவு செய்வது கடமை. மாற்றப் போக முடியாதவர்கள், மேலோட்டமான பூஞ்சணத்தை முகமூடி அணிந்து, வினிகர் நனைத்த துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்திக்கொள்ளலாம். வெட்டுமுனை வழியே உள்ளே கறுத்துப்போனதை அடுப்புக்கு அனுப்புவதுதான் வழி. ஆத்திரத்தில் உச்சிவெயிலில் போட்டுவிடக் கூடாது. வேகமாக உலர்ந்தால் மேற்பரப்பு முந்திச் சுருங்கி, நடுப்பகுதி பின்தங்கி, வெடிப்பு ஓடும்.

ஈரத்தைப் பகையாகவே எழுதிவிட்டேன். இந்த நாட்டிலேயே மூங்கிலும் ஈரமும் சேர்ந்து உழைக்கும் ஒரு தொழில் இருக்கிறது. பகானின் யுன் என்னும் அரக்குப் பூச்சுப் பெட்டிகளை அறியாத பர்மாத் தமிழர் இருக்க முடியாது. எங்கள் வீட்டு வெற்றிலைப் பெட்டியே அதுதான், என் பாட்டி காலத்தது. மெல்லிய மூங்கில் பட்டைகளைச் சுருளாகச் சுற்றி உருவம் அமைத்து, திட்சி மரத்தின் பாலைப் பல பூச்சாகப் பூசுகிறார்கள். அந்தப் பால் வெயிலில் இறுகாது. ஈரமான காற்றில்தான் இறுகும். அதற்காகவே ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் குளிர்ந்த, ஈரம் மிகுந்த நிலவறையில் நாள்கணக்கில் வைக்கிறார்கள். பகானில் இத்தொழிலுக்கு 1924இலேயே அரசுப் பள்ளி தொடங்கப்பட்டது. எங்கள் வெற்றிலைப் பெட்டி எத்தனை ரங்கூன் மழையைக் கண்டதோ, இன்றும் மூடி சிக்காமல் திறக்கிறது. உள்ளும் புறமும் ஓரமும் விடாமல் பூச்சு மூடியிருப்பதால் ஈரம் மெல்லத்தான் புகும், மெல்லத்தான் வெளியேறும். மூங்கில் நூற்றுக்கணக்கான மெல்லிய சுற்றுகளாக இருப்பதால் பருத்தலும் சுருங்கலும் ஓரிடத்தில் குவிவதில்லை. கடை வார்னிஷை ஒரு பக்கம் மட்டும் அடித்துவிட்டு மூங்கில் கோணுகிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தப் பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். எந்த வார்னிஷும் ஈரத்தை முற்றிலும் நிறுத்தாது, தாமதப்படுத்தும். அதையும் இருமுகத்திலும், முக்கியமாக வெட்டுமுனைகளில், அடித்தால்தான். மூங்கிலின் குழல்கள் நீளவாக்கில் ஓடுவதால் நீர் அதிகம் போய்வரும் வாசல் அந்த முனைகள்தான். நான் இப்போது வாங்கிய அன்றே முனைகளில் உருகிய மெழுகைத் தொட்டு வைக்கிறேன்.

வீட்டில் காத்து வைக்கும் முறையைக் கேட்பவர்களுக்கு: மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டியும் தரையிலும் மூங்கிலை வைக்காதீர்கள். முன்பெல்லாம் அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டால் போதும், அதன் சூடே ஈரத்தை விரட்டும். இப்போதைய எல்ஈடி விளக்கில் சூடும் இல்லை, மின்சாரமும் நம்பும்படி இல்லை. என் ஏற்பாடு பழைய பிஸ்கட் தகரப் பெட்டிகள்தான். மார்ச்சில், மூங்கில் நன்றாக உலர்ந்திருக்கும்போதே, பட்டைகளையும் சிறு பிளாச்சுகளையும் அதில் இட்டு, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மூடியின் விளிம்பில் ஒட்டுநாடா ஒட்டிவிடுகிறேன். ஆகஸ்டில் திறந்தபோது உள்ளே இருந்த மூங்கிலில் 12 விழுக்காட்டு ஈரம்தான். உறையைக் குறை சொன்னவனே தகரத்தில் அடைக்கிறானே என்று கேட்கலாம். உலர்ந்த பிறகு அடைப்பதற்கும் உலருமுன் அடைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் எல்லாம். நீண்ட கழிகளுக்குத் தகரம் கிடையாது. அவை சமையலறைப் பரணில், புகை படும் இடத்தில் கிடக்கின்றன. பாட்டி முறங்களை அங்கேதான் வைத்திருந்தாள்.

வேலை செய்யும் நாளையும், ஈரம் குறைந்த நாளா என்று, பார்த்துக்கொள்வது நல்லது. ஒட்டும் பசை விஷயத்தில் இது இன்னும் கடுமை: சாதாரண வெள்ளைப் பசை ஈர நாள்களில் மெல்லத்தான் காய்கிறது, காய்ந்த பிறகும் ஈரக்காற்றில் இளகி நகர்கிறது. எனவே ஆகஸ்டில் பசையை நம்பாமல் முளை அடித்து, பட்டையால் கட்டுகிறேன். கொலுத்தேர் முழுவதும் கடந்த ஆண்டு அப்படித்தான் நின்றது.

மதிப்பெண் போடச் சொன்னால், பிளாச்சுக்கும் பட்டைக்கும் 10க்கு 9. குழாய்க்கு, உளுத்த ஒன்றைக் கணக்கில் கொண்டு, 8. கைவேலைக் கட்டுக்கு மழைக்காலத்தில் 3, கோடையில் 6. கோடையிலும் 6க்கு மேல் தர மனம் வரவில்லை, விலை இரண்டு மடங்கு என்பதால். ஒரு குறை பொதுவானது: மழைக்காலத்தில் முன்வரிசைப் பிளாச்சுகள் கூரைச் சாரல் படும் இடத்தில் நிற்கின்றன. பின்வரிசையிலிருந்து எடுத்துத் தரும்படி கேளுங்கள், தருகிறார்கள். தேர்ந்தெடுக்கும்போது இரண்டு பிளாச்சுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். உலர்ந்தவை கணீரென்று ஒலிக்கும், ஈரமானவை மொத்தென்று விழும். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருப்பதையும் தவிர்க்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வாங்குகிறவர்கள் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ போய், ஆண்டுக்கு வேண்டியதை மொத்தமாக எடுத்துவிடுங்கள். புதிய வெட்டு அப்போதுதான் உலர்ந்து கடைக்கு வருகிறது, காற்றும் வறண்டிருக்கிறது, கூட்டமும் குறைவு. காலையில் சீக்கிரம் போனால் அம்மையார் இருப்பார், பொறுமையாகப் பதில் சொல்வார். பிற்பகலில் மகன் மட்டும், அவருக்கு அவசரம். பர்மிய மொழி தடுமாறுகிறவர்கள் தின்வா, ஹ்மியின்வா, ஹ்னீ ஆகிய மூன்று சொற்களை வைத்துக்கொண்டே வேலையை முடித்துவிடலாம். பை கொண்டுபோங்கள், துணிப்பையாக.